ஏழாவது முறையாகப் பிளஸ் டூ

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.
சனிக்கிழமை, மழை விட்ட நேரம்.

சிரஞ்சீவி மைத்துனன் வீரராகவனுக்கு அத்தான் ஜம்புநாதன் சகல ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நான், உன் அக்கா விஜயலக்ஷ்மி, உன் மருமகள் சுபிக்ஷா, பத்து நாள் என்று சொல்லி நீ அனுப்பிவைத்து ஆறாவது வாரமாக எங்களுடன் இருந்துவரும் உன் கதாநாயகி யசோதா ஆகிய நால்வரும் சுகம். அவ்விடத்தில் நீ சுகமாக இல்லை என்பதை நேற்று நீயே தொலைபேசியில் தெரிவித்துவிட்டதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை.

"அத்தான், என் ஹீரோயினை என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாய். உனக்கு வேலை இருக்கும். எனக்கும் பதிலை எழுத்தில் கொடுப்பதுதான் பழக்கம். கப்பலில் வந்த சரக்குக்குச் சேதம் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறவன் நான். சரக்கு வந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, நடுவில் என்ன நடந்தது, இவ்வளவுதான் எழுத வேண்டும். அனுதாபம், ஆத்திரம், ஊகம் ஆகியவை அறிக்கையில் இடம்பெறக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். உன் கதாநாயகி விஷயத்திலும் அதே முறையில் எழுதுகிறேன். இதை நாளை மாலை அவர் கையிலேயே கொடுத்தனுப்புவதாக உத்தேசம்.

வந்தபோது இருந்த நிலை: பதினோரு வருஷம் பிறர் படங்களில் உதவி இயக்குநராக இருந்த உனக்கு இப்போதுதான் சொந்தமாக ஒரு படம் கிடைத்திருக்கிறது, மலைப்பிரதேசத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் கதை, தயாரிப்பாளருக்கு அதில் 'உண்மைத்தன்மை' வேண்டுமாம், ஆகவே கதாநாயகி ஒரு நிஜமான பள்ளி மாணவியுடன் பத்து நாள் தங்கி அவள் எப்படி நிற்கிறாள், நடக்கிறாள், சிரிக்கிறாள் என்று பார்த்து வர வேண்டும், சென்னையில் என்றால் கூட்டம் கூடும், கொல்கத்தாவில் நம் நடிகைகளை யாருக்கும் தெரியாது, சுபிக்ஷாவும் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள், எனவே அத்தான் மறுக்கக் கூடாது என்று கேட்டிருந்தாய். நான் மறுக்கவில்லை. உன் அக்காதான், இத்தனை சிரமம் எதற்கு, சுபிக்ஷாவையே நடிக்க வைத்துவிட்டால் ஆயிற்றே என்று கேட்டாள். அதற்கு நீ, "இல்லக்கா, அவளைப் பார்த்தா ஸ்கூல் பொண்ணு மாதிரி இல்லை" என்று சொன்னாய். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற நாங்கள் இருவரும் இதைக் கேட்டுச் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளி நிர்வாகத்துக்கு இது தெரியுமோ தெரியாதோ என்று வெளியே சொல்லவில்லை.

யசோதாவுக்கு நீ நியூ டவுனில் நல்ல ஓட்டலில் அறை போட்டிருந்தாய். முதல் நாள் அவர் அங்கிருந்து காலையில் புறப்பட்டு, இந்த ஊர்ப் போக்குவரத்தில் நீந்தி லேக் கார்டன்ஸ் வந்து சேர்ந்தபோது சுபிக்ஷா பள்ளிக்கூடம் முடிந்து திரும்பிவிட்டாள். மறுநாளே உன் அக்கா அவரை இங்கேயே வரச் சொல்லிவிட்டாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே தன் கதையைச் சொன்னார். சொந்த ஊர் சேலம். பதினாறு வயதில், நிஜமாகவே பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, யாருடைய கல்யாணத்திலோ ஒரு இயக்குநர் பார்த்துக் கூட்டிப்போய்விட்டார். முதல் படத்தில் மணப்பெண் வேஷம். இடைவேளைக்குள் ஒரு குழந்தைக்குத் தாய். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. இருபத்திரண்டு வயதானபோது முகம் இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்று சொல்லி ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து ஆறு படத்தில் பிளஸ் டூ. இப்போது வயது இருபத்தொன்பது. ஆறு படத்திலும் கிளைமாக்ஸ் வந்ததே தவிர ரிசல்ட் வரவில்லை. சிறுமியைப் பெரியவளாகவும் பெரியவளைச் சிறுமியாகவும் காட்டுவதற்கு உங்கள் தொழிலில் ஏதாவது காரணம் இருக்கும். எங்கள் தொழிலில் சரக்கின் மீது ஒட்டியிருக்கும் சீட்டும் உள்ளே இருப்பதும் வேறாக இருந்தால் கப்பலையே நிறுத்திவைப்பார்கள்.

இனி நடுவில் நடந்தது. உன் திரைக்கதையை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் உள்ளதை நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே வேலை. முதல் காட்சியில் நாயகி முகத்தில் வெயில் பட்டு விழிக்கிறாள், சோம்பல் முறிக்கிறாள், கரடி பொம்மைக்கு முத்தம் கொடுக்கிறாள், பிரஷ்ஷை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு ஆடுகிறாள். இதைப் பார்க்க யசோதா விடியற்காலையிலேயே காபியும் கையுமாகச் சுபிக்ஷாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உன் அக்கா வழக்கம்போல் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு மின்விசிறியை நிறுத்தினாள். சுபிக்ஷா கண்ணைத் திறக்காமல் எழுந்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று வங்காளத்தில் கேட்டாள். திங்கள் என்றதும் மறுபடி படுத்துவிட்டாள். யசோதா மிகவும் பணிவாக, இதை இன்னொரு தடவை செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். தினமும் செய்வாள் என்று நான் சொன்னேன்.

நாயகி புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, தோழிகளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். இதை லேக் மார்க்கெட்டில் சோதித்துப் பார்த்தோம். சுபிக்ஷா ஒத்துழைக்க மறுத்துவிட்டாள். புத்தகமெல்லாம் முதுகில் அரிசி மூட்டை கனத்தில் தொங்குகிறபோது கையில் வேறு எதற்கு, "முன்னாடி பார்த்து நடந்தாலே இந்த ஃபுட்பாத்ல விழுறோம்க்கா" என்றாள். யசோதா தாமே நடந்து பார்த்தார். வாழைப்பூக் கூடைக்குள் போய் உட்கார்ந்தார். கூடைக்காரி திட்டவில்லை. இவ்வளவு பெரிய பெண்ணுக்கு நடக்கக்கூடச் சொல்லிக்கொடுக்காத பள்ளிக்கூடம் எது என்று மட்டும் விசாரித்தாள். நசுங்கிய வாழைப்பூ அவ்வளவையும் நாங்கள் வாங்கிக்கொள்ள நேர்ந்தது. வடை, கூட்டு, பொரியல், உசிலி என்று ஒரு வாரம் ஓடியது. உன் படத்தில் இந்தக் காட்சி எத்தனை வினாடி வரும் என்று தெரியாது. எங்கள் வீட்டில் அது புதன்கிழமை வரைக்கும் வந்தது.

பிறகு வில்லி விஷயம். கதையில் காரில் வரும் பணக்காரப் பெண் ஒருத்தி நாயகியின் காலைத் தட்டிவிட்டு, தன் பின்னால் நிற்கும் இரண்டு பேரோடு சேர்ந்து சிரிக்கிறாள். உங்கள் வகுப்பில் வில்லி யார் என்று யசோதா கேட்டபோது சுபிக்ஷா நன்றாக யோசித்து, "கெமிஸ்ட்ரி" என்றாள். அது பாடமாச்சே, ஆள் யார் என்று விடாமல் கேட்டபோது, காரில் வருகிறவள் என்று பார்த்தால் பௌலோமி என்று ஒருத்தி இருக்கிறாள், ஆனால் மழை வந்தால் அந்தக் காரில்தான் நாங்கள் ஆறு பேரும் வீடு வருகிறோம் என்றாள். அந்தப் பௌலோமி ஒருநாள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யசோதா நேரடியாகவே, உனக்கு யாரையாவது பிடிக்காதா, யாரையாவது அழ வைத்திருக்கிறாயா என்று ஆவலோடு கேட்டுப் பார்த்தார். அந்தக் குழந்தை சட்னியைத் தொட்டபடி வெகுநேரம் யோசித்து, பேஹாலாவில் இருக்கும் சித்தப்பா பெண் ஒருத்தியைப் பிடிக்காது என்றும், ஆனால் அவள் வேறு பள்ளி என்றும் வருத்தத்தோடு தெரிவித்தது.

காதல் விசாரணையும் நடந்தது. நான் அடுத்த அறையில் கேட்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன். பையன் யார் என்று யசோதா கேட்டார். "ஒருத்தன் இருந்தான்க்கா. பயாலஜி நோட்ஸ் நல்லா எழுதுவான். ஜெராக்ஸ் எடுத்தாச்சு" என்றாள் உன் மருமகள். அதற்குமேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. ஒரு தகப்பன் என்ற முறையில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பையனை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

இந்த மட்டில் பத்து நாள் முடிந்து, யசோதா மூட்டையைக் கட்டியிருந்தால் உனக்கு எந்தச் சேதமும் இல்லை. உண்மையான பள்ளி மாணவியிடம் படம் எடுக்கிற மாதிரி ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, நீ எழுதியபடியே நடித்துக் கொடுத்திருப்பார். கெடுத்தது மழை. உன் கதையில் மழை வந்ததும் நாயகி வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் விரித்துச் சுற்றுகிறாள், நாயகன் எதிர்க் கடையில் நின்று பார்க்கிறான். இங்கே அன்றைக்கு மழை பெய்து எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். இதுதான் சமயம் என்று யசோதா ஒத்திகைக்காக நீ கொடுத்தனுப்பிய யூனிஃபார்மைப் போட்டு, இரட்டைப் பின்னலில் ரிப்பனும் கட்டித் தயாராக நின்றார். சுபிக்ஷா வெளியே வந்தாள், கால்சட்டையைச் சுருட்டிவிட்டாள், பிசிக்ஸ் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பையைத் தலையில் வைத்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். எங்கே போகிறாய் என்றால் டியூஷன் என்கிறாள். இந்த மழையில் லீவு விடமாட்டாரா என்றால், "நிர்மல் சாருக்கு மழையெல்லாம் தெரியாதுக்கா" என்கிறாள். யசோதாவும் பின்னாலேயே இறங்கிவிட்டார்.

இந்த ஊரில் பள்ளிக்கூடம் என்பது பெயர் கொடுத்து வைப்பதற்கு, படிப்பு டியூஷனில்தான். ஒரு வீட்டின் முன்னறை, வாசலில் மலைபோல் ஈரச் செருப்பு, உள்ளே தரையில் நெருக்கியடித்து இருபது பிள்ளைகள், நடுவில் நிர்மல் சார். அவர் எந்த மொழியிலும் சினிமா பார்க்கிறவர் இல்லை. டியூஷனுக்கு யாரும் யூனிஃபார்மில் வருவதில்லை. சொட்டச் சொட்ட நனைந்து, ரிப்பனோடு ஒரு பெண் வாசலில் நின்றால் அவர் என்ன நினைப்பார். மிகக் கண்டிப்பான பள்ளியிலிருந்து வந்த புது அட்மிஷன் என்று நினைத்தார். எந்த வகுப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிளஸ் டூ என்றார் யசோதா. முதல் தடவையா என்று கேட்டார். புதிதாக வருகிறவர்களில் தோற்றுப்போய் மறுபடி எழுதுகிறவர்களும் உண்டு என்பதால் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். யசோதாவுக்குப் பொய் பேசிப் பழக்கம் இல்லை. எழுதிக் கொடுத்தால்தான் பேசுவார். "ஏழாவது தடவை" என்று சொன்னார்.

இருபது பிள்ளைகளும் நோட்டை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள் என்று சுபிக்ஷா சொல்கிறாள். நிர்மல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பரவாயில்லை, முன்னால் வந்து உட்கார் என்றார். உட்கார்ந்ததும் கேள்வி: இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் விசை என்ன ஆகும்? உங்கள் சினிமாவில் வாத்தியார் கேள்வி கேட்டதும் கேமரா ஜன்னல் பக்கம் திரும்பிவிடும், அங்கே நாயகன் மரத்தில் ஏறி நிற்பான். யசோதாவும் பழக்கதோஷத்தில் ஜன்னலைப் பார்த்திருக்கிறார். ஜன்னலில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சார் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் இரண்டு மடங்காகும் என்றார் யசோதா. நாலு மடங்கு என்றது பௌலோமி. சார் பௌலோமியை விட்டுவிட்டு யசோதாவிடம், தப்பு, ஆனால் ஏன் இரண்டு என்று நினைத்தாய், அதைச் சொல் என்று கேட்டார். அவர் சொன்னார். சார் அந்தத் தப்பு எந்த இடத்தில் நுழைந்தது என்று கண்டுபிடித்து அங்கிருந்து மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது யசோதா உன் அக்காவிடம் சொன்னார்: "அக்கா, ஆறு படத்துல கிளாஸ்ரூம்ல உட்கார்ந்திருக்கேன். ஒரு படத்துலகூட யாரும் எனக்குப் பாடம் நடத்தினதில்லை."

குறையாகச் சொல்லவில்லை, இந்தப் பக்கம் ரசம் வரவில்லை என்று சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் சுபிக்ஷாவைக் கவனிப்பதை விட்டுவிட்டு நிர்மல் சாரைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். முதல் பரீட்சையில் முப்பதுக்கு ஆறு. உன் கதையில் இதற்கு ஒரு பாட்டு வைத்திருப்பாய். அவர் அந்தத் தாளைக் கொண்டுவந்து எங்கள் ஃபிரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினார். அடுத்த பரீட்சையில் பதினான்கு. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே மின்புலம் என்கிறார்; மாடிப்படியில் கீழ்வீட்டுப் பௌதி (இந்த ஊரில் அண்ணிக்கு அப்படிப் பெயர்) குறுக்கிட்டால் அவரிடமும் ஒரு சந்தேகம் கேட்கிறார். சுபிக்ஷா என்னிடம் வந்து, மாமா என்னை மாதிரியாக இருக்கத்தான் கேட்டார், வாத்தியாராக இருக்கச் சொல்லவில்லை, இதற்குத் தனியாக ஏதாவது பேசி வாங்கிக் கொடுங்கள் என்று மனு கொடுத்தாள். உன் திரைக்கதையைக் கடைசியாக நான் பார்த்தபோது அது துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் இருந்தது. டப்பா ஆடாமல் நிற்கிறது என்று உன் அக்கா சொல்கிறாள்.

இனி நேற்றைய விஷயம். நீ யசோதாவைக் கூப்பிட்டபோது ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது, நாங்கள் மூன்று பேரும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தோம் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. நடுவில் வரும் காட்சி ஒன்றைப் பற்றி யசோதா கேட்டார். நாயகி பிசிக்ஸில் ஃபெயிலாகி அழுகிறாள், பட்டறையில் வேலை செய்யும் நாயகன் அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு, படிப்பு மண்டையில் இல்லை, மனசில் இருக்கிறது என்கிறான், அவள் சிரிக்கிறாள்.

"சார், இந்தப் பொண்ணு ஏன் ஃபெயிலாகுறா?"

"அப்பதானேம்மா ஹீரோ ஆறுதல் சொல்ல முடியும்?"

"பாஸாயிட்டா?"

"பாஸாயிட்டா அவளுக்கு ஹீரோ எதுக்கு?"

இதை நீ விளையாட்டாகத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அப்புறம்தான் யசோதா அந்த வார்த்தையைச் சொன்னார்: திறந்தவெளிப் பள்ளியில் பதிவு செய்து வருகிற ஏப்ரலில் பிளஸ் டூ எழுத வேண்டும், நிஜமாக; படப்பிடிப்பை அதற்கப்புறம் வைத்துக்கொள்ள முடியுமா என்று. நீ அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடச் சொல்லி என்னிடம் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வைத்தாய்.

வீரராகவா, இந்த விஷயத்தில் நான் உன் கட்சி. பதினோரு வருஷம் அடுத்தவன் படத்துக்குக் கிளாப் அடிச்ச கைப்பா உன் கை. உன் அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும், இந்த வருஷமாவது இவன் பேர் திரையில் தனியா வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தவள். திங்கட்கிழமை பூஜை, தயாரிப்பாளர் தேதி குறித்துவிட்டார், யசோதா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கதாநாயகி வரவில்லை என்றால் இந்தப் படமே நின்றுபோகும், அடுத்ததை உனக்கு யார் தூக்கிக் கொடுக்கப்போகிறார்கள். இதையெல்லாம் நேற்று ராத்திரியே யசோதாவை உட்கார வைத்து நிதானமாக எடுத்துச் சொன்னேன். நீங்க எப்ப வேணும்னாலும் பரீட்சை எழுதலாம்மா, பரீட்சைக்கு வயசு கிடையாது, அவனுக்கு இந்த ஒரு வாய்ப்புதான் என்றேன். ஒத்துக்கொண்டதை முடித்துக் கொடுப்பதுதான் மரியாதை என்றும் சொன்னேன். "சரிண்ணா" என்றார் யசோதா. எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்தார். இழப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போட்டாலும் சண்டை போடாமல் கையெழுத்துப் போடுகிற பார்ட்டியைக் கண்டால் எங்கள் தொழிலில் கொஞ்சம் மனசு உறுத்தும். ஆனால் அறிக்கையை மாற்றமாட்டோம்.

நாளை சாயங்கால விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று. ராத்திரிக்குள் சென்னையில் இருப்பார். பூஜைக்கு வருவார், மழையில் சுற்றுவார், நீ சொல்கிற இடத்தில் ஃபெயிலாவார். எந்தச் சந்தேகமும் வைத்துக்கொள்ளாதே. சுபிக்ஷா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். உங்கள் சினிமாப் பெண்கள் செய்கிற காரியத்தில் இவள் செய்து நான் பார்த்தது இது ஒன்றுதான். ஆனால் அப்பளம் பொரித்த வாசனை வந்ததும் வெளியே வந்து தட்டைக் காட்டிவிட்டு, பேசாமல் மறுபடி போய்ச் சாத்திக்கொண்டாள். உன் அக்கா பேசுகிறாள், ஆனால் என்னிடம் அல்ல. கீழ்வீட்டுப் பௌதியிடம், எனக்குக் கேட்கும்படி. நான் சமாளித்துக்கொள்வேன். குடும்பத்தில் ஒருவன் முன்னுக்கு வருவதென்றால் மற்றவர்கள் நாலு நாள் முகம் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரக்கைப் பெற்றுக்கொண்டதும் தகவல் கொடு. ஆறு வாரத்தில் வாழைப்பூ நீங்கலாக வேறு சேதம் எதுவும் என் பார்வையில் படவில்லை. கிளாப் போர்டில் எழுதுகிற உன் பெயர் என்றைக்கும் அழியாமல் இருக்கட்டும். உன் அம்மா மடியில் கட்டி வைத்திருக்கிற வேண்டுதல்கள் ஒவ்வொன்றாய் அவிழட்டும். படம் நூறு நாள் ஓடாவிட்டாலும் போட்ட தியேட்டரில் நல்ல மின்விசிறியாவது ஓடட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அன்புள்ள அத்தான்,
ஜம்புநாதன்.

பின்குறிப்பு: ஞாயிறு, பகல் இரண்டு மணி. மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடவும். காலையில் யசோதா பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்து, "அண்ணா, சார் இன்னிக்கு கார்டியன் மீட்டிங் வெச்சிருக்கார். எல்லாருக்கும் வீட்டிலேர்ந்து வருவாங்க. அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயிடலாமா?" என்று கேட்டார். போகிற பெண், கேட்கிறார், எப்படி மறுப்பது. சுபிக்ஷாவுக்கும் நான்தானே போக வேண்டும் என்று போனேன். நிர்மல் சார் சுபிக்ஷாவைப் பற்றி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அந்த இன்னொரு பெண்ணுக்குக் கார்டியன் யார் என்று கேட்டார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. யசோதா சுவரோரம் தலையைக் குனிந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது. நான் கையைத் தூக்கினேன். சார் சொன்னார்: யூனிட் எழுதுவதில்லை, மைனஸ் போடுகிற இடத்தில் பிளஸ் போடுகிறாள், அவசரம், ஆனால் இந்த பேட்ச்சில் கேள்வி கேட்கிறவள் இவள்தான், நேற்றைய பரீட்சையில் முப்பதுக்கு இருபத்திரண்டு, ஏழாவது தடவை என்று வீட்டில் ஏசாதீர்கள், வயதாகிறது, கல்யாணம், வேலை என்று எதையாவது சொல்லி நடுவில் நிறுத்திவிடாதீர்கள், பரீட்சை வரைக்கும் அனுப்புவேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள். இருபது வீட்டுப் பெற்றோர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு வருஷம் பொறுமையாகப் பெண்ணைப் படிக்க வைக்கிற மனுஷன் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் கையில் ஒரு சந்தேஷ் இனிப்பை வைத்து அழுத்தினார். வாக்குக் கொடுத்துவிட்டேன். வாத்தியாருக்குக் கொடுத்ததை மைத்துனனுக்காக மீற முடியாது. வீட்டுக்கு வந்து டிக்கெட்டை நானே ரத்து செய்தேன். கதவு திறந்துவிட்டது, இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்பப்போவது சுபிக்ஷாதான். உன் அக்கா தயாரிப்பாளரின் நம்பரைக் கேட்கிறாள். அவரிடம் அவளே பேசிக்கொள்கிறாளாம், இரண்டு பேருக்கும் திருச்சி என்பதால் பேச்சு நல்லபடியாக முடியும் என்கிறாள். பூஜையை நாளைக்கே போட்டுவிடு, படப்பிடிப்பைப் பரீட்சை முடிந்து மே மாதத்தில் வைத்துக்கொள். அதற்குள் யசோதாவுக்கு முப்பது முடிந்துவிடுமே என்று யோசிக்காதே. உங்கள் சினிமாவில் பிளஸ் டூ படிக்க அதெல்லாம் ஒரு வயதா?